கரி பஸ் பிச்சமுத்துவின் பங்குனி விரதம்

பிச்சமுத்து கரி உடைத்துக்கொண்டிருப்பார். மாம்பழச்சாலையில் பஸ் நிற்கும் தகரக் கொட்டகையின் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு இரும்புத் துண்டால் கரிக்கட்டிகளை எலுமிச்சங்காய் அளவுக்குத் தட்டுவார். பெரிதாக இருந்தால் தொட்டிக்குள் சந்து விழும், தூளாக இருந்தால் காற்று ஏறாது. உடைத்ததைச் சல்லடையில் அள்ளி அரிப்பார். ஈரமோ என்று சந்தேகம் வந்தால் அந்தத் துண்டைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். அதனால் அவருடைய வலது கன்னம் எப்போதும் கறுப்பாக இருக்கும்.

அது யுத்தகாலம். பெட்ரோல் ராணுவத்துக்குப் போய்விட்டது. பஸ்களின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டியைப் பொருத்தி, அதில் கரியை மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியாக இன்ஜினுக்கு விட்டு ஓட்டினார்கள். கரி பஸ் என்று பெயர். டவுனிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் வந்து, கொள்ளிடம் கடந்து சமயபுரம் போகும் பஸ் அப்படிப்பட்ட ஒன்று. எனக்கு வீடு மாம்பழச்சாலையில், வேலை ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். நர்ஸாகச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தினமும் அந்த பஸ்ஸில்தான் போவேன். கொள்ளிடப் பாலத்து மேட்டில் அது மூச்சு வாங்கி நின்றுவிடும் என்றும், ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள் என்றும் சமயபுரம் போகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

பிச்சமுத்துவுக்கு ஊர் ஜீயபுரம் பக்கம். வாழைத்தோட்டங்களில் கூலி வேலை, கரும்பு வெட்டும் காலத்தில் வெல்லம் காய்ச்சும் அடுப்பில் தீ தள்ளும் வேலை. தீயைப் பற்றி ஏதோ தெரியும் என்று யாரோ சொல்லி பஸ் முதலாளி அவரை எடுத்துக்கொண்டார். காலையில் தொட்டியைச் சுத்தம் செய்து, கரி நிரப்பி, தீ மூட்டி, பக்கத்தில் இருக்கும் காற்றாடியைக் கையால் சுற்றுவது அவர் வேலை. சுற்றிச் சுற்றி நல்ல வாயு வரும்வரை விடக்கூடாது. ஒரு சின்னக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் வாயு பற்றிக்கொண்டு எரிய வேண்டும். எரிந்தால் இன்ஜினைத் திருப்பலாம். அந்தத் தொட்டிக்கு அவர் வைத்த பெயர் மாமியார்.

“மாமியா இன்னும் முளிக்கல நர்ஸம்மா. செத்த நேரம் உக்காருங்க” என்பார்.

டிரைவர் ஷேக் தாவூது அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கோபமும் பேச்சும் அதிகம், கை சுத்தம். இருவரும் நாளெல்லாம் வாய்ச்சண்டை போட்டபடியே வண்டி ஓட்டினார்கள்.

மாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சமயபுரம் மாரியம்மன் பட்டினி கிடப்பாள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மற்ற கோயில்களில் மனிதர்கள் சாமிக்காக விரதம் இருக்கிறார்கள். இங்கே ஜனங்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். பச்சைப்பட்டினி என்பார்கள். அந்த நாலு வாரமும் அவளுக்குச் சமைத்த தளிகை கிடையாது. அவளோடு சேர்ந்து விரதம் இருக்கிறவர்களும் சமைத்ததைத் தொடமாட்டார்கள்.

அந்த வருஷம் பிச்சமுத்து விரதம் பிடித்தார். முந்தின வருஷம் அவருடைய மகள் அழகம்மாளுக்கு அம்மை பூட்டி, பிழைக்கமாட்டாள் என்று எல்லாரும் கைவிட்ட பிறகு பிழைத்தாள். அதற்கு நேர்ந்துகொண்டது. விரதம் தொடங்கிய சில நாளிலேயே அவருக்குக் கண் உள்ளே போய்விட்டது. கழுத்தெலும்பு தெரிந்தது.

“என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டேன்.

“சாயங்காலம் ஊறவச்ச பச்சரிசி ஒரு கை. நீர்மோரு. போதும்.”

ஷேக் தாவூது பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். “அம்மன் கோயில்ல உக்காந்திருக்கு. நீ காத்தாடி சுத்துறே. ரெண்டு பட்டினியும் ஒண்ணாடா?”

“நீங்க நோன்பு வச்சுக்கிட்டு ஸ்டீரிங் புடிக்கலையா பாய்?”

“பொழுது சாஞ்சா நான் வயிறு முட்டக் கஞ்சி குடிப்பேன். நீ கோழி மாதிரியில்ல அரிசியக் கொத்துறே.”

“கோழி முட்ட போடும். உங்க பஸ்ஸு என்னத்தப் போடுது?”

நான் அதற்குமேல் கேட்கவில்லை. பெரியவர்களின் விரதத்தில் நர்ஸ் தலையிடுவது வீண் வேலை என்று அனுபவத்தில் தெரிந்திருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கோடைமழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக பஸ்ஸின் பின்புறத்தைக் கொட்டகைக்கு வெளியே இழுத்து நிறுத்தித்தான் தீ மூட்டுவார்கள். அன்றைக்குக் கரி மூட்டைகளும் பஸ்ஸும் உள்ளே இருந்தன. சாரல் மூட்டைகளின் மேல் அடித்தது. ஈரக் கரியில் வாயு கிளம்பாது. ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்துக்குக் கூட்டம் அதிகம், வண்டி கிளம்பாமல் இருக்கக்கூடாது. ஆகவே பிச்சமுத்து தகரக் கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளேயே மூட்டினார். ஷேக் தாவூது தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

கரி ஏற்கெனவே நனைந்திருந்ததால் குழாய் வாயில் தீ பற்றவில்லை. அவர் மேலும் சுற்றினார். அவ்வளவு நேரமும் குழாயிலிருந்து வந்த வாயு கொட்டகைக்குள்ளேயே நிரம்பியது. அதற்கு நிறமில்லை. மணம் என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

“தல கிண்ணுனுச்சு. கண்ணு இருட்டுச்சு. பட்டினி மயக்கம், வளக்கமா வர்றதுதானேன்னு நெனச்சு இன்னும் வேகமாச் சுத்துனேன்” என்று பிறகு என்னிடம் சொன்னார். பட்டினி கிடக்காத ஆளாக இருந்தால் முதல் கிறுகிறுப்பிலேயே வெளியே வந்திருப்பார். இவருக்கு அது பழகிப்போயிருந்தது.

எப்படியோ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மழை விட்டிருந்தது. மஞ்சள் உடுத்துப் பூக்கூடைகளோடு சமயபுரத்துக்கு நடக்கும் கூட்டம் அந்த வழியாகத்தான் போகும். அவர்கள் கண்டது இதுதான்: விரதக்காப்புக் கட்டிய ஒருவர், கால் பின்ன, கை வீசித் தள்ளாடி வருகிறார், கண் செருகியிருக்கிறது, முகம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஒரு பெண் குலவை போட்டாள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கூட்டம் வட்டம் கட்டியது. வேப்பிலையைக் கையில் திணித்தார்கள், மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். அவர் விழப் போகும்போதெல்லாம் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஆடவிட்டார்கள். ரங்கூனுக்குப் போன மகன் திரும்பி வருவானா என்று ஒரு கிழவி காலைப் பிடித்துக் கேட்டாள். பிச்சமுத்து வாந்தி எடுத்தார். அப்போதும் யாரும் விலகவில்லை.

ஷேக் தாவூது திரும்பி வந்தவர் முதலில் சாத்திய கதவைப் பார்த்தார், பிறகு ஆளைப் பார்த்தார். கதவடைத்த இடத்தில் புகைத்தொட்டிப் பக்கத்தில் இருக்காதே என்று இந்தத் தொட்டியைப் பொருத்தியவன் சொல்லிக்கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார்.

“பாய், சாமி மேல கை வைக்காதீங்க” என்று ஒருவர் தடுத்தார்.

“சாமி இல்லப்பா, கரி வாயு. வழிய விடு. அம்மன் எங்கயும் போயிடாது, இவன் போயிடுவான்.”

அவரைக் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். வண்டிக்குப் பின்னால் கூட்டத்தில் பாதியும் வந்தது.

அந்த ஜனங்களை நான் குறை சொல்லமாட்டேன். மஞ்சள் தண்ணீரால் கெடுதல் இல்லை, திறந்த வெளிக் காற்று நல்லதே செய்தது. அவரை நிற்கவைத்து ஆடவிட்டதுதான் தப்பு. அது ஏன் தப்பு என்பது அன்றைக்கு எனக்கும் பாதிதான் தெரியும்.

எங்கள் டாக்டர் பராசரன் ஸ்ரீரங்கத்துக்காரர், சித்திரை வீதியில் வீடு. நெற்றியில் திருமண், பேச்சு குறைவு. அவரைக் கண்டதும் கூட்டம் ஒதுங்கி நின்றது. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்தோம். அது தீரும்வரை விட்டோம். பிறகு கட்டிலை வராந்தாவில் போட்டு, நனைந்த துணியைக் களைந்து கம்பளி போர்த்தி, கை கால்களைச் சூடாக வைத்தோம். வெயில் ஏறும் நேரத்தில் பிச்சமுத்து கண் விழித்தார். தலைவலி என்றார். சிறிது நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்டார்.

அவருடைய மனைவி மயிலம்மாள் அதற்குள் வந்துவிட்டாள். அம்மா மண்டபம் பக்கத்தில் குடிசை, வாழையிலைக் கட்டு விற்பவள். புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

“நல்லாத்தானே இருக்காரு நர்ஸம்மா. கண்ணாலத்தன்னிக்குக்கூட இப்படிச் செவப்பா இல்ல.”

அந்தச் சிவப்பு ஆரோக்கியம் இல்லை. கரி வாயு ரத்தத்தின் சிவப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும்போது வரும் நிறம் அது. நோயாளி நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதையும், உறவினர் நன்றாக இருக்கிறார் என்று சொல்வதையும் நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் கை நாடியில்தான் இருக்கும். நாடி வேகமாக, நூல்போல ஓடியது.

டாக்டர் சிறுநீரைப் பார்க்கச் சொன்னார். கம்பவுண்டர் நீலக் கரைசலில் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரை.

“சர்க்கரை வியாதி சார். சர்க்கரையும் மாவும் நிறுத்திடலாமா?” என்றார் கம்பவுண்டர். படித்த படிப்புப்படி அவர் சொன்னது சரி.

டாக்டர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “கரிப்புகைல இது வரும். வியாதி இல்லை. ரெண்டு நாள்ல போயிடும். இன்னும் நிறையக் குடுக்கணும், நிறுத்தப்படாது.”

பிறகு எங்களுக்கு விளக்கினார். உடம்பு தின்றதில் ஒரு பங்கைச் சர்க்கரையாகத் திரட்டி, மாவுபோலக் கட்டி, ஈரலிலும் தசைகளிலும் வைத்துக்கொள்கிறது. கிளைக்கோஜன் என்று அதற்குப் பெயர். இதயத்தின் தசையிலும் அது கொஞ்சம் உண்டு. கரி வாயு பட்டவனுக்கு மூச்சு ஓடினாலும் ரத்தம் பிராணவாயுவைச் சுமந்து போகாது. திணறும் உடம்பு அவசரத்தில் ஈரலின் சேமிப்பைக் கரைத்து ரத்தத்தில் கொட்டுகிறது. கொட்டியதை எரிக்கவும் பிராணவாயு போதாது. ஆகவே அது சிறுநீரில் வழிகிறது. தசைகளோ தங்கள் பங்கைக் காற்றில்லாமலேயே எரிக்கப் பார்க்கின்றன. அப்படி எரித்தால் பலன் மிகச் சொற்பம், செலவு பல மடங்கு, மிச்சம் நிற்பது புளித்த அமிலம். விஷம் இறங்கிய பிறகும் தசை வெறுமையாகவே இருக்கும். மறுபடி நிரம்ப உணவு வேண்டும், அசையாமல் கிடக்கவும் வேண்டும்.

“இவன் ஏற்கெனவே பட்டினி. இருந்ததே கொஞ்சம். அதையும் ரோட்டுல ஆடவிட்டுத் தீர்த்துட்டா. எழுந்து நிக்கவே கூடாது. சுண்ணாம்புக் காளவாய்க்காரன் ஒருத்தனை முன்னே பார்த்தேன். தெளிஞ்சு எழுந்து, நன்னாப் பேசிண்டு வாசல் வரைக்கும் நடந்தான். அங்கேயே விழுந்தான். இதயம் நின்னுடுத்து.”

யுத்தத்தால் குளுக்கோஸ் ஊசி மருந்து எங்களிடம் தீர்ந்து பல வாரமாகியிருந்தது. டப்பாவில் குளுக்கோஸ் மாவு இருந்தது. கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். பிச்சமுத்து வாயை மூடிக்கொண்டார்.

“சாயங்காலம்தான் நர்ஸம்மா. அதுவும் இனிப்பு வேணாம். இனிப்புத் தொடுறதில்லன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருக்கேன்.”

“இது மருந்து.”

“இனிக்கிற மருந்துதானே.”

“குடிக்காட்டிச் செத்துப்போவீங்க.”

“வெரதத்த முறிச்சா புள்ள செத்துப்போகும்.”

அவர் அதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. அந்த மனிதர் மகளை அம்மை கொண்டுபோகப் பார்த்ததை அருகிலிருந்து பார்த்தவர். அவர் தராசில் ஒரு பக்கம் அந்தப் பெண், மறுபக்கம் தன் உடம்பு. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்கே தெரிந்தது. மிரட்டிப் பயனில்லை, வாயைப் பிளந்து ஊற்றினால் புரையேறும். டம்ளரோடு திரும்பினேன்.

சிறிது நேரத்தில் வராந்தாவில் சத்தம் கேட்டது. பிச்சமுத்து கட்டிலிலிருந்து இறங்கி நின்றுவிட்டார். ஷேக் தாவூது தனியாகக் கரி அள்ளுவாரே என்ற கவலை. ஒரு காலை எடுத்து வைத்தார். அடுத்த கால் வரவில்லை. முழங்கால் மடங்கி அப்படியே சரிந்தார். நானும் மயிலம்மாளும் தாங்கிப் படுக்கவைத்தோம். உதடு வெளுத்து, நெற்றி குளிர்ந்து வியர்த்திருந்தது. நாடி ஓடி ஓடி இடையில் விட்டு விட்டு வந்தது. அது மறுபடி ஒழுங்குக்கு வரும்வரை நான் மணிக்கட்டை விடவில்லை.

மயிலம்மாளை ஓரமாக அழைத்துப் போனேன். அழுது முடிக்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

“உங்க ஊர்ல வீட்டுல குதிர் உண்டா?”

“எங்கப்பன் வீட்ல இருக்குங்க.”

“வீடு தீப்பிடிச்சா குதிரத் தொறந்து நெல்ல வாரி வாரி வெளிய கொண்டுவருவாங்க. வாசல்லாம் நெல்லு சிந்தும். சிந்தினதப் பாத்து, வீட்ல நெல்லு நிறைய இருக்குன்னு சொல்லலாமா?”

“குதிரு காலியில்லங்க ஆகியிருக்கும்.”

“இவரு ஒடம்பு அப்படி இருக்கு. மூத்திரத்துல சர்க்கர போகுது. உள்ள ஒண்ணுமில்ல. கால்ல இல்ல, நெஞ்சுல இல்ல. ரொப்பணும். அம்மன் பட்டினின்னா ஒண்ணுமே எடுத்துக்காதா? கோயில்ல இந்த நாள்ல என்ன வைக்கிறாங்க?”

அவள் விரல் விட்டுச் சொன்னாள். “துள்ளுமாவு. நீர்மோரு. எளநீ. பானகம்.”

பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்து இடித்தது துள்ளுமாவு. பானகம் வெல்லத் தண்ணீர். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவளுக்கு நான் ஒன்றும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள்.

“ஏய்யா, ஆத்தா பானகம் குடிக்கிறாளா இல்லையா?”

பிச்சமுத்து கண்ணைத் திறக்காமல், “குடிக்கிறா” என்றார்.

“துள்ளுமாவு திங்கிறாளா?”

“அவளுக்கு வைக்கிறாங்க.”

“நாட்டுக்கே பட்டினி கெடக்கிறவ வெல்லத் தண்ணி குடிக்கிறா. நீ ஒருத்தன் ஒத்தப் புள்ளைக்குக் கெடந்துக்கிட்டு இனிப்பாகாதுங்கிற. ஆத்தாளவிட ஒனக்கு வைராக்கியம் கூடிப்போச்சோ? நாளைக்கு அவள எறக்கி வச்சிட்டு நீ போய்க் கோயில்ல உக்காருவியா?”

“வாய மூடு. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“நீ குடுத்த. அவ கேட்டாளா? அவகிட்ட நான் பேசிக்கிறேன். கணக்குத் தீக்கணும்னா என்கிட்டத் தீக்கட்டும். நானும்தானே பெத்தேன்.”

மயிலம்மாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர், “வெல்லம் நல்ல வெல்லமாப் பாத்து வாங்கு. உப்புக் கரிக்கிற வெல்லம் வேணாம்” என்றார். வெல்லம் காய்ச்சிய மனிதர் அல்லவா.

ஷேக் தாவூது வாசலிலேயே நின்றிருந்தவர் எங்கேயோ போய் இளநீர்க் குலையும் வெல்லமும் வாங்கி வந்தார். அடுப்பில் வைக்காமல் பச்சைத் தண்ணீரில் கரைக்கட்டும் என்றாள் மயிலம்மாள். கொதித்து ஆறிய தண்ணீர்தான் கொடுப்பேன் என்று நான் சொன்னதும், ஒரு நிமிஷம் யோசித்து, இளநீரிலேயே கரைத்துவிட்டாள். நான் அதை மறுக்கவில்லை. படுத்தபடியே தலையை மட்டும் திருப்பி, கரண்டியால் கொடுத்தோம். முதலில் கொஞ்சம் வாந்தியாயிற்று. பிறகு நின்றது.

எழுந்து போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு மிச்சமிருந்தது. நான் வீட்டுக்குப் போனால் பார்த்துக்கொள்ள வேறு நர்ஸ் இல்லை. மயிலம்மாள் அவருடைய வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“இது கரி. நாளைக்குத்தான் தொவைக்கணும். ஆசுபத்திரிப் போர்வையச் சுத்திக்கிட்டு கொள்ளிடப் பாலத்துல பஸ்ஸு தள்ளுறதுன்னா போய்க்கட்டும்.”

பிச்சமுத்து சிரிக்கப் பார்த்தார். நெஞ்சு வலித்ததால் நிறுத்திக்கொண்டார். நான் பயத்தைத் தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் அதன் பிறகு நெடுங்காலம் இருந்தார். கொஞ்ச நாள் பேர்கள் மறந்து மறந்து வந்தன, பிறகு அதுவும் சரியாயிற்று. யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் தொட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். அவர் ஷேக் தாவூதின் பழக்கத்தால் லாரியில் கிளீனராகி, பிறகு ஜீயபுரத்துக்கே திரும்பிப்போய் குத்தகைக்கு வாழை வைத்தார். அழகம்மாளைக் குளித்தலைப் பக்கம் கட்டிக்கொடுத்தார். விரதத்தை ஒவ்வொரு பங்குனியிலும் இருந்தார், பானகத்தோடு. அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை நான் வந்தபோது மயிலம்மாள் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் துள்ளுமாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னச் சிவப்பு போய் அவருடைய சொந்த நிறம் வந்திருந்தது. நாடி எண்ணினேன். இன்னும் வேகம்தான், ஆனால் இடையில் விடவில்லை. கம்பவுண்டர் கரைசலைக் காய்ச்சினார், லேசான பச்சையோடு நின்றது, சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. டாக்டர் வந்தார், நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். உட்காரலாமா என்று பிச்சமுத்து கேட்டார். கூடாது என்றார் டாக்டர், ஒரு தலையணை மட்டும் வைக்கலாம் என்றார். நான் தலையணையைத் தட்டி, அவர் கழுத்துக்குக் கீழே வைத்தேன்.